பீரோவில் இருக்கும் கருவி

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே இருக்கிறது காட்டுப்பாக்கம். மாற்றுத்திறன் கொண்ட ஒரு குழந்தையின் படிப்புக்கு வேண்டிய நிபுணத்துவத்தில் பெரும்பகுதி இந்த ஒரே சாலையில் கிடைத்துவிடும். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். எதிர்த்திசையில் போரூரில், காது கேட்கும் திறனைப் பரிசோதித்துப் பேச்சுப் பயிற்சி தரும் மருத்துவமனை வசதி உண்டு. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சாதாரண அரசுப் பள்ளியொன்றில், மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைக்கு அந்த நிபுணத்துவம் எப்படிப் போய்ச் சேருகிறது? பெரும்பாலும் ஒரு பொருளாகத்தான்: ஒரு செவித்துணைக் கருவி, ஒரு டேப்லெட், ஒரு பிரெய்ல் பெட்டி, ஒரு சக்கர நாற்காலி. பொருளைக் கொடுப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கோளாறு. கருவி களவு போகக் கூடாது, உடையக் கூடாது, தணிக்கையில் கணக்கு உதைக்கக் கூடாது என்பதற்கு நம் பள்ளி நிர்வாகத்தில் தெளிவான நடைமுறை உண்டு. கருவியால் குழந்தைக்குத் தீங்கு வரக் கூடாது, கருவி வேலை செய்யாததால் அதன் ஒரு நாள் படிப்புகூட வீணாகக் கூடாது என்பதற்கு அந்த அளவு தெளிவான நடைமுறை கிடையாது. வகுப்பறைத் தொழில்நுட்பத்தின் பலனில் பெரும்பங்கை இந்த ஏற்றத்தாழ்வே தின்றுவிடுகிறது என்பது என் வாதம்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவருக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், ஏற்ற உதவிக் கருவி எல்லாம் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. சமக்ர சிக்‌ஷா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்ற கணக்கில் பணம் ஒதுக்குகிறது. கருவி வழங்கும் முகாம்களில் செலவின் 60 விழுக்காட்டைக் கான்பூர் அலிம்கோ நிறுவனம் ஒன்றிய அரசின் திட்டத்தின் வழியே ஏற்க, 40 விழுக்காட்டைக் கல்வித் துறை ஏற்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறார்கள். வகுப்பாசிரியரே குறைபாட்டின் அறிகுறிகளைக் கவனித்துப் பதிவிட ‘நலம் நாடி’ செயலி வந்திருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் பெருந்திட்டமும் எடுக்கப்பட்டது. உதவிக் கருவி தேவைப்படுவோரில் அது கிடைப்பவர்கள் பணக்கார நாடுகளில் 90 விழுக்காடு வரை இருக்க, ஏழை நாடுகள் சிலவற்றில் 3 விழுக்காடே என்று உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2022-இல் கணக்குச் சொன்னதை நினைத்தால், நம் அரசு இயந்திரம் இவ்வளவு தூரம் கை நீட்டியதே பெரிய காரியம். குறை சொல்கிறவர்கள் இந்த உழைப்பைக் காணாததுபோல் பேசுவது நியாயமில்லை.

பள்ளிக்குள் வந்த பிறகு கருவிக்கு என்ன ஆகிறது? அது முதலில் நுழையும் இடம் இருப்புப் பதிவேடு. பக்க எண், வரிசை எண், வந்த தேதி, விலை, தலைமையாசிரியர் கையொப்பம். அன்றிலிருந்து அது பள்ளியின் சொத்து. தொலைந்தாலோ பழுதானாலோ பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். தணிக்கைக்கு வருகிறவர் கேட்பது ‘பொருள் இருக்கிறதா’ என்றுதான். ‘இதை யார் பயன்படுத்தினார், எத்தனை நாள், என்ன கற்றுக்கொண்டார்’ என்று கேட்க அவரிடம் படிவம் இல்லை. நாளை ஓய்வு பெறும்போது நிலுவை இல்லாச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்று அஞ்சும் ஒரு மனிதர் 15,000 ரூபாய் டேப்லெட்டை என்ன செய்வார்? பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கும் விதிகளுக்குள் அவர் செய்வது அறிவுள்ள காரியம்தான். தொலைந்தால் தண்டனை உண்டு, பயன்படாமல் கிடந்தால் தண்டனை இல்லை என்று ஒரு அமைப்பு சொன்னால், அதற்குள் வேலை செய்கிறவர்கள் கருவியைப் பயன்பாட்டிலிருந்து காப்பாற்றவே பழகுவார்கள். கோடை விடுமுறையில் இது உச்சத்துக்குப் போகிறது. மே மாதம் முழுக்க, குழந்தைக்கு வீட்டில் நேரம் நிறைய இருக்கும் காலத்தில், கருவி பள்ளியில் தூங்குகிறது. ஜூனில் எடுத்தால் பேட்டரி இறங்கிப்போய் இருக்கிறது, குழந்தையும் பழக்கம் விட்டுப்போய் வந்திருக்கிறது.

குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடும் கருவிக்கும் இதே நோய் வேறு வடிவில் வருகிறது. காது மெஷின் என்று பெற்றோர் சொல்லும் செவித்துணைக் கருவியை எடுத்துக்கொள்வோம். முகாமில் மேடையில் வைத்துக் கொடுப்பது காதுக்குப் பின்னால் மாட்டும் அந்தச் சிறு பெட்டியை. ஆனால் ஒலி காதுக்குள் போவது ஒரு மெல்லிய குழாய் வழியாக, அந்தக் குழந்தையின் காதுத் துளைக்கென்றே அளவெடுத்துச் செய்த அச்சு வழியாக. குழந்தை வளர வளரக் காதும் வளரும். அச்சு தளர்ந்ததும் மெஷின் ‘கீய்’ என்று கத்தத் தொடங்கும். பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், குழந்தை கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும். குழாயில் வியர்வை நீர் கோத்துக்கொண்டால் சத்தம் அடைபடும். சென்னையின் புழுக்கத்தில் இது அன்றாடம் நடப்பது. பொத்தான் பேட்டரி ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். ஒன்றிய அரசின் கருவி உதவித் திட்டத்தில், அதே வகைக் கருவியை மறுபடி பெறப் பொதுவாக 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், 12 வயதுக்குட்பட்டோருக்கு ஓராண்டு. பெட்டிக்கு அந்த இடைவெளி பொருந்தும். அச்சுக்கும் குழாய்க்கும் பேட்டரிக்கும் எப்படிப் பொருந்தும்? பேட்டரி தீர்ந்த காது மெஷின், காதை அடைத்து நிற்கும் தக்கைதான். அதை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து, ‘கருவி இருக்கிறது, கவனம்தான் இல்லை’ என்று ஆசிரியர் முடிவுகட்டிவிடும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

இங்கேதான் சட்டத்தின் வாசகத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நம் 17-ஆம் பிரிவு தரச் சொல்வது கருவியை. அமெரிக்காவின் மாற்றுத்திறன் குழந்தைகள் கல்விச் சட்டம் இரண்டைத் தனித்தனியே வரையறுக்கிறது: ஒன்று கருவி, மற்றொன்று கருவிச் சேவை. குழந்தையைப் பரிசோதித்துப் பொருத்தமானதைத் தேர்வது, பழுது பார்ப்பது, மாற்றித் தருவது, குழந்தைக்கும் குடும்பத்துக்கும் ஆசிரியருக்கும் பயிற்றுவிப்பது எல்லாம் சேவைக்குள் வரும். பள்ளியில் குழந்தை அணியும் செவித்துணைக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது பள்ளி நிர்வாகத்தின் கடமை என்று அதன் விதிகளில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். தேவையென்று தெரிந்தால் பள்ளி வாங்கிய கருவியைக் குழந்தை வீட்டுக்கு எடுத்துப் போகவும் அங்கே இடம் உண்டு. அந்த நாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. அங்கும் பெற்றோர் வழக்காடித்தான் பலவற்றைப் பெறுகிறார்கள். ஆனால் வழக்காட ஒரு வாசகம் அவர்களுக்கு இருக்கிறது. 1993-இல் பெட்சி பிலிப்ஸ், ஹோங்சின் ஜாவ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 227 பேரிடம் கேட்டு, உதவிக் கருவிகளில் 29.3 விழுக்காடு முற்றிலும் கைவிடப்பட்டதைக் கண்டார்கள். பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது, கருவி சரியாக இயங்காதது, தேவை மாறிப்போனது ஆகியவற்றோடு, கருவி மிக எளிதாகக் கையில் கிடைத்ததும் ஒரு காரணமாக அந்த ஆய்வில் வந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே மாதிரிக் கருவியைக் கொடுத்து அனுப்பும் நம் முகாம்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் நேராகப் பொருந்துகிறது. ஆய்வில் கேட்கப்பட்டவர்கள் பெரியவர்கள். தனக்கு இது பொருந்தவில்லை என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைகளிடம் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

கணினி விஷயத்தில் பூட்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பார்வையற்ற மாணவிக்குக் கணினி பயன்பட வேண்டுமென்றால் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயும் சேர்ந்து உருவாக்கிய என்.வி.டி.ஏ. முற்றிலும் இலவசம், தமிழையும் வாசிக்கும். ஒரு பென் டிரைவில் போட்டுவைத்தால் நிறுவாமலே ஓடும். செலவு என்று எதுவும் இல்லை. ஆனால் பள்ளி ஆய்வகக் கணினிகள் வைரஸ் பயத்தில் பென் டிரைவை ஏற்காதபடி அடைக்கப்பட்டிருந்தால், புதிய மென்பொருள் நிறுவும் கடவுச்சொல் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் மட்டும் இருந்தால், அந்த ஆய்வகம் அந்த மாணவிக்கு இல்லாத ஆய்வகம்தான். வலையமைப்பைக் காப்பது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கணினிகளை அடைப்பதற்கு முன் திரைவாசிப்பானை எல்லாவற்றிலும் நிறுவிவிட்டு அடைக்க வேண்டும் என்கிறேன். இந்த வரிசை மாறியதால் வரும் இழப்பு அது. அதோடு தமிழுக்கென்றே ஒரு சிக்கல் சேர்கிறது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இருந்தும் பழைய எழுத்துருவில் தட்டிய பயிற்சித்தாள்களும், படமாக எடுத்த பக்கங்களைக் கோத்த பி.டி.எஃப்.களும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் தமிழ். திரைவாசிப்பானுக்கு முதலாவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல், இரண்டாவது வெற்றுப் பக்கம். இலட்சக்கணக்கில் செலவிட்ட ஆய்வகத்தில் இலவச மென்பொருளை ஏற்றி வைத்த பிறகும், ஒருங்குறியில் தட்டாத ஒரு வினாத்தாள் அந்த மாணவியை வெளியே நிறுத்திவிடும்.

பேச்சு வராத குழந்தைகளிடம் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு 1985-இலிருந்து வேலை செய்யும் கோட்டூர்புரம் வித்யா சாகரின் அனுபவத்தையும் சேர்த்து உருவாக்கிய ‘அவாஸ்’, படங்களைத் தொட்டால் வார்த்தையாகப் பேசும். சென்னையில் பிறந்து உலகம் முழுக்கப் போன கருவி அது. இப்படிப் பேசும் டேப்லெட்டை, பாடவேளை முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்வது என்றால் என்ன பொருள்? குழந்தையின் வாயைக் கழற்றிப் பீரோவில் வைக்கிறோம் என்று பொருள். மதிய உணவு வேளையில் ‘போதும்’ என்று சொல்லவும், விளையாட்டு வேளையில் ‘என்னையும் சேர்த்துக்கொள்’ என்று சொல்லவும் அதற்கு வழியில்லை. பாதுகாப்பு என்ற கோணத்திலும் இதைப் பார்க்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள் வன்முறைக்கும் பாலியல் சீண்டலுக்கும் மற்றவர்களைவிட அதிகம் ஆளாகிறார்கள். குழந்தையால் சொல்ல முடியாது என்ற துணிச்சல்தான் தீங்கு செய்பவனுக்கு வசதி. ஆகவே டேப்லெட்டில் ‘ஆப்பிள்’, ‘பந்து’, ‘நன்றி’ ஆகியவற்றோடு உடலுறுப்புகளின் பெயர்களும், ‘வேண்டாம்’, ‘வலிக்கிறது’, ‘தொட்டார்’, ‘அம்மாவிடம் சொல்ல வேண்டும்’ ஆகியவையும் இருக்க வேண்டும். கூச்சத்தால் இந்தச் சொற்களை நீக்கிவிடும் பெரியவர்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் நாடும் சாட்சியத்தைக் குழந்தையிடமிருந்து முன்கூட்டியே பறித்துவிடுகிறார்கள். சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு, அதே படங்களை அச்சிட்டுக் கழுத்தில் மாட்டும் ஓர் அட்டை போதும். அந்த அட்டையைச் செய்ய எந்தத் திட்டமும் தேவையில்லை. யாராவது பொறுப்பேற்றால் ஒரு மணி நேர வேலை.

கருவியால் வரும் நேரடித் தீங்குகளைப் பற்றி நம் பள்ளிகளில் பேச்சே எழுவதில்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னியதில், 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வலிப்பு முதலிய அறிகுறிகளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதையும் திரையில் காட்டக் கூடாது என்று இணைய அணுக்கத்துக்கான பன்னாட்டு வழிகாட்டல் சொல்வது இப்படிப்பட்ட ஆபத்தை மனத்தில் வைத்துத்தான். மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தைகளில் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். திறன்மிகு வகுப்பறையின் பெரிய திரையில் ஆசிரியர் போடும் பாட்டு வீடியோவை முன்கூட்டி ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லும் ஒற்றை வரி அறிவுரைகூடப் பயன் தரும். பொத்தான் பேட்டரி விழுங்கப்பட்டு உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடக்கூடும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் குழந்தை படிக்கும் அறையில் பேட்டரி மூடி திருகாணியோடு இருக்கிறதா என்று பார்ப்பது தலைபோகிற வேலை. தரையில் இழுத்துவிட்ட சார்ஜர் ஒயர், ஊன்றுகோலோடு வருகிறவருக்கு இடறுகட்டை. ஹெட்போனின் சத்த அளவு, வெப்பமேறும் லித்தியம் பேட்டரிகளை ஒரே பலகையில் குவித்துச் சார்ஜ் போடுவது என்று இந்த வரிசை நீளும். எல்லாமே செய்வதற்குச் சின்னச் சின்ன விஷயங்கள். யாருக்கென்றும் ஒதுக்கப்படாத வேலை என்பதால்தான் நடக்காமல் போகின்றன.

தரவு விஷயம் சின்னதில்லை. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகள் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், நம் தேசிய ‘தீக்‌ஷா’ செயலி குழந்தைகளின் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சேகரிக்கக்கூடியதாக இருந்ததைச் சுட்டியது. 2023 ஜனவரியில், அதே தளத்தின் காப்பற்ற சேமிப்பகம் ஒன்றில் ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களின் விவரங்கள் வெளியே தெரியும்படி கிடந்ததை ‘வயர்டு’ இதழ் எழுதியது. தமிழகப் பாடநூல்களின் க்யூ.ஆர். குறியீடுகள் இட்டுச் செல்வதும் தீக்‌ஷாவுக்குத்தான். மற்றக் குழந்தைகளுக்குக் கசிவது பெயரும் பள்ளியும் என்றால், மாற்றுத்திறன் குழந்தைக்குக் கசிவது அதன் குறைபாட்டு வகை, விழுக்காடு, மருத்துவ அறிக்கை. கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பான எமிஸ், அடையாள அட்டைப் பதிவு, கண்டறியும் செயலி, பயிற்சி நடந்ததற்குச் சான்றாக எடுக்கும் புகைப்படம் என்று, தங்கள் பிள்ளையைப் பற்றி எத்தனை இடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்பது பெற்றோருக்கே தெரியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதலைக் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் கட்டாயமாக அதிலிருந்து 18 மாதம். கல்வி நிறுவனங்களுக்குக் கண்காணிப்பில் சில விலக்குகளும் உண்டு. அந்த விலக்கைச் சாக்காக வைத்துக்கொண்டு, கால்சட்டை களைந்து கால் தசைக்குப் பயிற்சி பெறும் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட முடியாது. வருகைக்குச் சான்று வேண்டுமென்றால் பெற்றோரின் கையொப்பமே போதும்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மூன்றுக்கு வலு உண்டு. ஒன்று, மக்கள் பணத்தில் வாங்கிய பொருளுக்குக் கணக்கு வேண்டாமா என்பது. வேண்டும்தான். பூந்தமல்லி ஒன்றியத்தின் வாடகை வீடுகளில் ஆண்டுக்கொருமுறை இடம் மாறும் குடும்பங்கள் நிறைய. டேப்லெட்டோடு பிள்ளை வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று தலைமையாசிரியர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் பள்ளிச் சொத்தாக எழுதினால்தான் அது இழப்பு. எமிஸில் குழந்தையின் எண்ணோடு கருவியையும் இணைத்துவிட்டால், குழந்தை ஆவடிக்கு மாறினால் கருவியும் கணக்கோடு ஆவடிக்கு மாறும். சைக்கிளையும் மடிக்கணினியையும் மாணவர் பெயரில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய மாநிலம் இது. பொதுவான பிள்ளையிடம் வைத்த நம்பிக்கையை மாற்றுத்திறன் பிள்ளையிடம் வைக்க மாட்டோம் என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, திரை குழந்தைகளுக்குக் கெடுதல் என்பது. குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கவலை அதிகம். கையில் போன் கொடுத்தால் மணிக்கணக்கில் அதிலேயே மூழ்கிவிடுவதை அவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2019-இல், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சொன்னது. அந்த எச்சரிக்கை சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு. வார்த்தையைத் தொட்டு மற்றொருவரோடு பேசுவதும், பாடத்தைக் காதால் வாசிப்பதும் அந்தக் கணக்கில் வராது. இரண்டையும் பிரிக்கும் வழி எளிது: பேசும் டேப்லெட்டில் பேச்சுச் செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி அமைத்துவிடலாம், பெரும்பாலான டேப்லெட்டுகளில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரே டேப்லெட்டில் பாட்டும் விளையாட்டும் பேச்சும் கலந்து கொடுத்துவிட்டு, குழந்தை விளையாட்டையே நாடுகிறது என்று பிடுங்கிக்கொள்வது குழந்தையின் பிழைக்கான தண்டனை ஆகாது, நம் சோம்பலுக்குக் குழந்தை கட்டும் அபராதம்.

மூன்றாவதுதான் மூன்றிலும் வலுவானது: கருவிக்குச் செலவிடும் பணத்தில் இன்னொரு சிறப்பாசிரியரை வைக்கலாமே என்பது. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்தது. நம் வட்டார வள மையங்களில் ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் தற்காலிகத் தொகுப்பூதியத்தில் ஆண்டுகளைக் கழித்தவர்கள். 2024-25-இல் சமக்ர சிக்‌ஷா நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, இப்படிப்பட்ட ஊழியர்களின் சம்பளமே கேள்விக்குள்ளானது. இந்த எதிர்வாதத்தை நான் ஏறக்குறைய முழுமையாக ஏற்கிறேன். ஆசிரியர் இல்லாத இடத்தில் கருவி வீண். ஒரே ஒரு இடத்தில் வேறுபடுகிறேன்: பார்வையற்ற மாணவிக்கு எவ்வளவு நல்ல ஆசிரியர் கிடைத்தாலும், அவர் வீட்டுக்குப் போன பிறகு தானே ஒரு பக்கத்தைப் படிக்க அவளுக்குக் கருவி வேண்டும். ஆசிரியரையும் கருவியையும் போட்டியாளராக்கும் வரவு செலவுத் திட்டம்தான் தவறு. கருவியின் விலையில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே பேட்டரிக்கும் அச்சுக்கும் பழுதுக்கும் பயிற்சிக்கும் என்று ஒதுக்கினால், நூறு கருவிக்குப் பதில் எண்பது வாங்க நேரிடலாம். மேடையில் எண்ணிக்கை குறையும். ஆனால் ஆறு மாதம் கழித்து வேலை செய்யும் கருவிகளின் எண்ணிக்கை கூடும்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் இரண்டு துறைகளுக்கு நடுவே விழுந்து கிடக்கிறது. பள்ளி, கல்வித் துறையின் கீழ். பல கருவித் திட்டங்கள் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ். காட்டுப்பாக்கத்துத் தாய்க்குப் பூந்தமல்லி மண்டல மையம் சில கிலோமீட்டர்தான். ஆனால் அவர் மனுக் கொடுக்க வேண்டிய மாவட்ட அலுவலகம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளித் திருவள்ளூரில் இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு குழாய்க்காகவும் பேட்டரிக்காகவும் யார் போவார்? உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களை அரசு திறந்துவருகிறது. மறுவாழ்வுச் சேவைகளை வீட்டுக்கு அருகே கொண்டுவருவதே அவற்றின் நோக்கம். அந்த மையங்களிலும் வட்டார வள மையங்களிலும் உதிரிப் பொருள் இருப்பு வைத்து, பள்ளியிலிருந்து சிறப்புப் பயிற்றுநரே எடுத்துவந்து மாற்றிக்கொடுக்க அதிகாரம் தந்தால் அந்த 30 கிலோமீட்டர் இல்லாமல் போகும். பழுது பார்க்கப் போன கருவி திரும்பும்வரை இரவல் கொடுக்க நாலைந்து மாற்றுக் கருவிகளும் அங்கேயே இருக்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த மாற்றத்தைத் தொடங்கப் பூந்தமல்லி ஒன்றியத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்தச் சாலையிலேயே இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன் வேண்டியது இரண்டு பக்க அரசாணை. வகுப்பறைப் பயன்பாட்டில் உடைந்த அல்லது தொலைந்த உதவிக் கருவியை, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு கணக்கிலிருந்து நீக்கலாம், அதற்காக எந்த ஆசிரியரின் ஊதியத்திலும் பிடித்தம் கூடாது என்று அதன் முதல் பக்கம் சொல்ல வேண்டும். தணிக்கைப் படிவத்தில் ‘கடந்த 30 நாளில் இதைப் பயன்படுத்திய குழந்தையின் எமிஸ் எண்’ என்று ஒரு கட்டம் சேர வேண்டும், அந்தக் கட்டம் வெற்றாக இருந்தால் விளக்கம் கேட்கப்படும் என்று இரண்டாம் பக்கம் சொல்ல வேண்டும்.